மைசூரில் ஒரு லண்டன் குவிமாடம்

கேள்வி: பரோக் என்ற ஆடம்பரமான ஐரோப்பியப் பாணிக் கட்டடக்கலையைப் பார்க்க ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: சாமுண்டி மலையடிவாரம் வரை போனாலே போதும். வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1921-இல் கட்டத் தொடங்கிய லலித மகால் அங்கே வெள்ளை வெளேரென்று நிற்கிறது. வடிவமைத்தவர் இ. டபிள்யூ. பிரிட்ச்லி. நடுக் குவிமாடத்துக்கு முன்மாதிரி, லண்டனின் புனித பவுல் பேராலயம்.

கிறிஸ்டோபர் ரென் 1675-இல் தொடங்கிய அந்தப் பேராலயம் ஆங்கில பரோக்கின் உச்சம். அதன் குவிமாடத்தில் வெளியே தெரிவது ஈயத் தகடு போர்த்திய மரக்கூடு. உள்ளே அண்ணாந்து பார்த்தால் தெரிவது வேறொரு குவிமாடம். இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் செங்கல் கூம்புதான் உச்சியின் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. கண்ணை மயக்குவதில் பரோக்குக்கு நிகர் பரோக்தான்! ரோமில் சிற்பி பெர்னினி பளிங்கிலேயே துணிமடிப்புகளை அலைபாய விட்டதும் இதே வித்தைதான்.

லலித மகாலில் அவசியம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியவை, ஜோடி ஜோடியாக நிற்கும் அயோனியத் தூண்களும் அவற்றின் தலையில் சுருண்டிருக்கும் சுருள்களும். பரோக் காலத்துக் கட்டடமே வேண்டும் என்பவர்கள் பழைய கோவாவுக்குப் போகலாம். அங்குள்ள பாம் ஜீசஸ் பசிலிக்கா 1605-இல் கட்டி முடிக்கப்பட்டது.