கூட்டுவட்டி அண்ணன்

மாலை ஆறு மணிக்கு மேல் காரைக்கால் பாரதியார் சாலையில் அவரைப் பார்க்கலாம். கக்கத்தில் ஒரு புத்தகம், சட்டைப்பையில் கால்குலேட்டர். வணக்கம் சொன்னால் போதும், "தம்பிக்கு இப்ப என்ன வயசு?" என்பார். சொல்லிவிடாதீர்கள். இருபத்தைந்து வயதிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் போட்டிருந்தால் அறுபதில் எவ்வளவு என்று தட்டிக் காட்டி, இல்லாத பணத்தைத் தொலைத்த துக்கத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்துவிடுவார்.

ஊரில் அவருக்குக் கூட்டுவட்டி அண்ணன் என்று பெயர். கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. பேசுபவர்.

1997இல் வெளிவந்த ராபர்ட் கியோசாகியின் 'ரிச் டாட் புவர் டாட்' அவருக்கு வேதம். குடியிருக்கும் வீடு சொத்தல்ல, சுமை என்கிறது அது. படித்த நாளிலிருந்து அப்பா கட்டிய ஓட்டு வீட்டை எதிரியைப் போலப் பார்க்கிறார். விற்கவும் இல்லை, ஒழுகும் ஓட்டை மாற்றவும் இல்லை. "சுமைக்குப் போய் யாராவது செலவு பண்ணுவாங்களா?" அந்த ஆசிரியரின் நிறுவனம் ஒன்றே 2012இல் திவால் மனு போட்டதே என்றேன். "அனுபவம் தம்பி, அனுபவம்!" என்று பூரித்தார்.

சிக்கனம் பற்றிய புத்தகம் வாங்கச் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு ரயிலேறி, லாட்ஜில் இரண்டு நாள் தங்கிவந்தவரும் அவர்தான்.

இந்தப் புத்தகங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றிலும் உருப்படியான ஒரு வாக்கியம் இருக்கிறது. மீதி இருநூறு பக்கம் அதற்குப் போட்ட வட்டி. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' போல நம்மூர்ப் பங்குச் சந்தையைத் தமிழில் சொன்ன புத்தகங்களைப் படித்து, துணிந்து இறங்கியவர்கள் உண்டு. அண்ணன் அதில் அடிக்கோடு போட்டிருக்கிறார். இரண்டு நிறத்தில்.

அவர் பணமெல்லாம் சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது. "இன்னும் ஒரே ஒரு புத்தகம். முடிச்சுட்டு இறங்கிடலாம்." 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருஷம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மூன்று சதவிகிதம் என்று வைத்தாலும் 24 வருஷம். அண்ணனுக்கு இப்போது 52.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்துவை என்று ஜார்ஜ் கிளேசன் 1926லேயே பாபிலோன் கதையாக எழுதிவைத்தார். அண்ணி கிளேசனைக் கண்டதில்லை. சம்பளம் வந்ததும் பால் பாக்கிக்கு முன்னால் ஏலச்சீட்டுக்கு எடுத்துவைத்துவிடுவார். தள்ளிக் கேட்கவே மாட்டார், கடைசிச் சீட்டுதான். பெண் கழுத்தில் கிடக்கும் சங்கிலி அப்படி வந்தது. அண்ணன் பார்வையில் அது "திட்டமிடாத சேமிப்பு".

போன ஆனியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாகக் கொட்டியது. நெரிசலில் அண்ணன் என் காதில் கத்தினார்: "அம்மையார் கதையில அவங்க புருஷன் பரமதத்தனைப் பாருங்க தம்பி! பழம் கைக்கு வந்ததும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டான். அவன்தான் முதலீட்டாளன்!"

முந்தானையில் நாலைந்து பழத்தோடு நின்ற அண்ணி திரும்பினார். "கேட்டுட்டு என்ன பண்ணினான்? கப்பலேறி ஓடிட்டான். காலடியில கிடக்கறதை எடுங்க, யாராவது மிதிச்சுடப்போறாங்க."

அண்ணன் குனியவில்லை. கக்கத்தில் புத்தகம் இருந்தது.