‘வாங்கியிருந்தா’ அண்ணாச்சி

தமிழ் இலக்கணத்தில் காலம் மூன்று. உடன்குடி பஜாருக்குக் காலையில் டீ குடிக்க வருகிற ஒரு வகை அண்ணாச்சிக்கு மட்டும் நான்காவதாக ஒன்று உண்டு. அது ‘வாங்கியிருந்தா’ காலம். “எண்பத்தஞ்சுல வேளச்சேரியில கிரவுண்டு சீந்த ஆளில்லாமக் கெடந்துச்சுவே. அன்னைக்கு வாங்கிப் போட்டிருந்தா…” என்று தொடங்குவார். வாக்கியம் முடியாது, பெருமூச்சுதான் முடித்துவைக்கும். சென்னையில் பலசரக்குக் கடை போட்டு, முப்பது வருடம் தராசு பிடித்து, கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படித் தேறுவார். தாம்பரத்துக்குத் தெற்கே எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே மனை என்ன விலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அது யார் பேரில் இருக்கிறது, அதற்கு வழி உண்டா என்று கேட்டால்தான் கண்ணைத் திறந்து, “டீ ஆறுது, குடியும்” என்பார்.

இவரைக் கேலி செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் பெருநகரத்தில் நிலம் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களின் முழு நோயும் இவரிடம் இருக்கிறது. அவர்களுக்கு விலை நன்றாகத் தெரியும். விலை மட்டும்தான் தெரியும். இத்தனைக்கும் அண்ணாச்சி ஏமாளி இல்லை. இதே பஜாரில் அவர் கருப்பட்டி வாங்குவதைப் பார்க்க வேண்டும். வட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். உடைப்பார். உடைத்த இடம் பளபளத்தால் சீனி சேர்ந்த சரக்கு என்று தள்ளிவைப்பார். பளபளக்காவிட்டாலும் ஒரு துண்டை நாக்கில் போட்டுப் பார்த்த பிறகுதான், “கிலோ என்னவே?” என்ற கேள்வியே வரும். சில நூறு ரூபாய்ச் சரக்குக்கு இத்தனை சோதனை. அதே மனிதரிடம் வண்ணத் தாளில் அச்சடித்த மனைப் படத்தை நீட்டினால், முதல் கேள்வியே “சதுரடி என்ன விலை?” என்பதுதான். நாற்பது லட்ச ரூபாய்ச் சரக்கை உடைத்துப் பார்க்கவும் இல்லை, நாக்கில் வைக்கவும் இல்லை.

விலையையாவது சரியாகக் கேட்கிறாரா? ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஒரு செண்டு 435.6 சதுர அடி. நூறு செண்டு ஓர் ஏக்கர். சதுர அடி 1,000 ரூபாய் என்றால் செண்டு 4,35,600 ரூபாய், கிரவுண்டு 24 லட்சம், ஏக்கர் 4 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம். நான்கும் ஒரே விலை. தரகர் வாங்குகிறவரிடம் சதுர அடியிலும் விற்கிறவரிடம் கிரவுண்டிலும் பேசுவார். முன்னவருக்கு மலிவாகவும் பின்னவருக்கு மலைப்பாகவும் கேட்கும். அரசு வழிகாட்டி மதிப்பைப் பிடித்துக்கொள்ளலாமே என்றால், அது முத்திரைத் தீர்வை வாங்குவதற்கான கணக்கு. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023-ல் பழையபடி உயர்த்தினார்கள். ஒரே நாளில் எல்லா மனையும் மூன்றில் ஒரு பங்கு இளைக்கவும் இல்லை, பிறகு ஒரே நாளில் பெருக்கவும் இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 ரூபாய் தனியே போகும் என்பதையும் அண்ணாச்சியின் மனக்கணக்கு மறந்துவிடும். வாயால் சொல்லும் விலை ஆசை. வங்கி தன் ஆளை அனுப்பி அளந்து, இதற்கு இவ்வளவு கடன் தரலாம் என்று எழுதுகிற தொகை, ஆசையில்லாத ஒருவர் சொன்ன விலை. கடனே வேண்டாம் என்கிறவரும் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இப்போது அண்ணாச்சிக்கு எதிர்காலமும் கிடைத்துவிட்டது. பக்கத்திலுள்ள குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதிலிருந்து, “தேரி மண்ணு தங்கம்வே!” என்பதே பேச்சு. ராக்கெட் மேலே போனால் விலையும் கூடவே போகும் என்பது அவருடைய இயற்பியல். ஆனால் குலசேகரன்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்த காரணமே, தெற்கே இலங்கையைச் சுற்றி வளைக்காமல் வெறுங்கடல் மேல் நேராகப் பறக்கலாம் என்பதுதான். ஆள் இல்லாத இடம் வேண்டும் என்று வந்தவர்களை நம்பி, ஆள் வந்து குவியும் என்று மனை போடுகிறோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட் பறக்கிறது; பக்கத்துச் சூலூர்பேட்டை இன்னும் சென்னையாகவில்லை. நிலத்தின் விலையை உயர்த்துவது தினமும் சம்பளத்தோடு வீடு திரும்புகிற கூட்டமும், அதற்கு வேண்டிய சாலையும் தண்ணீரும்தான்.

“அதெல்லாம் சரி, அன்னைக்கு வேளச்சேரியில வாங்கினவன் இன்னைக்குக் கோடீஸ்வரன்தானே?” என்று அண்ணாச்சி மடக்குவார். நியாயமான கேள்வி. ஆனால் அதே காலத்தில் சதுப்பிலும் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாங்கித் தொலைத்தவர்கள் டீக்கடைக்கு வந்து கதை சொல்வதில்லை. ஜெயித்தவன் கதைதான் பஜார் வரை வருகிறது. அந்த வேளச்சேரியிலேயே 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் படகு ஓடியது. ‘ஏரியைப் பார்த்த மனை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். மழைக்காலத்தில் ஏரியே மனையைப் பார்க்க வரும் என்று எழுதுவதில்லை.

ஆகவே விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது சர்வே எண். அது கையில் இருந்தால் கருப்பட்டியை உடைக்கிற மாதிரி நிலத்தையும் உடைத்துப் பார்க்கலாம். வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, இவற்றைப் பதிவுத்துறை, வருவாய்த்துறை இணையதளங்களில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பது அடுத்தது; 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை விற்பனை பதிவான மனைப்பிரிவுகளுக்குத்தான். விற்கிறவர் பவர் பத்திரத்தை மட்டும் காட்டினால், அதனால் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. “அதான் ரிஜிஸ்தர் ஆயிட்டுல்லா!” என்பதும் அரைத் துணிச்சல்தான். விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை என்று அதே நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மீண்டும் தெளிவாக்கியது. பதிவாவது பத்திரம்தான்.

இதெல்லாம் வக்கீல் வேலை, நமக்கு எதற்கு என்பார்கள். வக்கீல் கட்டாயம் வேண்டும். வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும்; பதிவாகாத உயிலும், 2005 சட்டத்தால் சமபங்குக்காரியாகிவிட்ட, மும்பையில் கட்டிக்கொடுத்த அக்காவும் அதில் தெரியமாட்டார்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து கொடிவழி பிடித்து வந்து அக்காவைக் கண்டுபிடிப்பது வக்கீலின் திறமை. ஆனால் சர்வே எண்ணே கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவருக்கு வக்கீல் எழுதித் தருவது கருத்துரை அல்ல, இரங்கலுரை. இவ்வளவு பார்ப்பதற்குள் மனை கைநழுவிப் போய்விடும் என்பது கடைசி ஆட்சேபம். போகட்டும். பத்து நாள் பொறுக்காத நிலம் பத்து வருடம் கோர்ட்டில் பொறுமையாகக் காத்திருக்கும்.

இத்தனையையும் சொன்னால் அண்ணாச்சி தலையாட்டி ஒத்துக்கொள்வார். “நான் சொல்லுததும் அதைத்தானேவே” என்பார். பிறகு சோழிங்கநல்லூரில் சதுர அடி என்ன போகிறது என்று தொடங்கிவிடுவார். அவர் வீடு நிற்கிற உடன்குடிப் பத்து செண்டின் பட்டாவை மட்டும் எடுத்துப் பார்த்தால், அது இன்னும் அவருடைய தாத்தா பேரில் இருக்கும். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று இருக்கிறார்.