கணக்குக் காட்டாத காருக்குக் குடவோலை இல்ல

இன்னா தம்பி, மூஞ்சியில இவ்ளோ வெளிச்சம்? ஆடி க்யூ 7 பாத்துட்டு வந்தியா? மூணு வரிசை சீட்டு, ஏழு பேரு ஒக்காரலாம். புதுசுல எழுபது லட்சத்துக்கு மேல வித்த வண்டிய இப்ப அதுல கால் பங்குக்குத் தரேன்றானா? தருவான். ஏன் தரான்னு கேட்டியா? நான் கத்திரிக்கா வாங்கப் போனாலே காம்பத் திருப்பிப் பாப்பேன்.

"டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனரு"ன்னு சொல்லியிருப்பானே? எனக்கு எழுபத்தெட்டு வயசு. நான் பாத்த பழைய காரு பாதிக்கு மேல டாக்டர் ஓட்டினதுதான். இவ்ளோ வண்டிய ஓட்டிக்கினு அந்த டாக்டருங்க எப்பதான்டா ஊசி போட்டாங்க?

நம்ம ஓரிக்கையில பஸ் ஏறித் தெக்கால போனா உத்திரமேரூரு. பெருமாள் கோயில் செவுத்துல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு கீது. 919ல ஒண்ணு, 921ல ஒண்ணு. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க இன்னா கேட்டாங்க தெரியுமா? வயசு 35க்கு மேல, 70க்குள்ள. வரி கட்டுற நெலம் கால் வேலிக்கு மேல. சொந்த மனையில வூடு. முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவன் ஓலை குடத்துல விழக்கூடாது, அவன் சொந்தக்காரன் ஓலையும் விழக்கூடாது. ஏரியப் பாத்துக்கப் போறவனுக்கே அவ்ளோ விசாரணை. நீ கலரப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து நிக்கிற.

மொதல்ல கணக்கக் கேளு. வருசா வருசம் சர்வீஸ் விட்ட சீட்டு எங்க? ஒவ்வொண்ணுலயும் கிலோமீட்டர் ஏறிக்கினே வருதா? மீட்டர் நாப்பதாயிரம்னு காட்டுது, பிரேக் பெடல் ரப்பர் மட்டும் என் தலை மாதிரி வழுக்கையா கீதுன்னா, யார நம்புவ? மீட்டரப் பின்னால தள்றதுக்கு ஆளுங்க இருக்காங்கப்பா. ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அப்புறம் சொந்த மனை. நம்பர் பிளேட்டுல டி.என். 21 இருந்தா நம்ம காஞ்சிபுரம். டெல்லி வண்டின்னா கொஞ்சம் நில்லு. பத்து வருசம் தாண்டின டீசல் வண்டி அங்க ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் ஆமாம்னுச்சு. அங்க வெல போகாததெல்லாம் பளபளன்னு தொடச்சு இங்க வந்துச்சு. அந்த ஊர் என்.ஓ.சி., இங்க கட்ட வேண்டிய ரோடு டாக்ஸ், ரெண்டையும் வெலையோட கூட்டிப் பாரு. ஆர்.சி.யில பேங்கு பேரு இருந்தா, கடன் தீந்த கடுதாசியும் ஃபார்ம் 35ம் கைக்கு வராம பணத்த எண்ணாத.

தண்ணி குடிச்ச வண்டியான்னு வேற பாக்கணும். 2015 டிசம்பர்ல சென்னையே மெதந்துச்சு. 2023ல மிக்ஜாம் வந்துச்சு. எத்தன காரு கழுத்து வரைக்கும் முழுகிச்சு? அதெல்லாம் எங்க போச்சு, காசிக்கா? சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு. சேத்துக் கோடு தெரியுதா? ஸ்டெப்னியத் தூக்கிட்டு அடியில துரு கீதான்னு பாரு. உள்ள மல்லிப்பூ வாசனை தூக்கலா அடிச்சா இன்னும் உஷாரு. நாத்தம் இல்லாதவன் எதுக்குடா அவ்ளோ சென்ட்டு தெளிக்கிறான்?

உன் பாட்டி தறிக்காரன் பொண்ணு. உடலும் கரையும் சேர்ற கோர்வைய வெரலால தடவியே இழை தப்பினதச் சொல்லிடுவா. அவளக் கூட்டிக்கினு போ. பானட்டு, கதவு, டிக்கி எல்லாத்தோட இடுக்கையும் தடவச் சொல்லு. ஒரு பக்கம் நூல் நொழையுது, இன்னொரு பக்கம் வெரலே நொழையுதுன்னா எங்கியோ முட்டின வண்டி.

மாட்டுக்குப் பல்லு, காருக்கு டயரு. ஓரத்துல நாலு நம்பர் அச்சடிச்சிருப்பான். 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. நாலு டயரும் நாலு வயசு, நாலு கம்பெனின்னா, வெச்சிருந்தவன் எவ்ளோ அக்கறைன்னு நீயே புரிஞ்சிக்கோ.

விடியகாலையில போ. "வண்டிய நான் வர்றதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணாத"ன்னு சொல்லிட்டுப் போ. சூடா இருந்தா எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளைதான். ஏர் சஸ்பென்ஷன் வண்டின்னா ராத்திரி நின்ன எடத்துல காலையில எப்படி நிக்குதுன்னு பாரு. ஒரு மூலை மட்டும் முட்டி போட்ட எருமை மாதிரி குந்திக்கினு இருந்தா, காத்து கசியுது. கசியறது காத்து மட்டும் இல்லப்பா, உன் பாக்கெட்டும்தான்.

மூணாவது வரிசைய மறந்துட்டேனே! எல்லாரும் முன்சீட்டுல ஒக்காந்து ஸ்டீரிங்கத் தடவிட்டு வந்துடறாங்க. வால்வோக்காரனாவது எக்ஸ்சி 90 கடைசி சீட்டு 170 சென்டிமீட்டர் ஒசரம் வரைக்கும்தான்னு அளவு சொல்லிட்டான். உன் சித்தப்பன் ஆறடி. அவர மடிச்சு வெப்பியா, சுருட்டி வெப்பியா? அந்த சீட்ட நிமித்தினா டிக்கியில கல்யாணச் சீர்வரிசையில பாதி ஏறாது. அப்புறம் இன்னாத்துக்கு ஏழு சீட்டு?

உன் கூட்டாளி ஒருத்தன் சொன்னானாமே, "பி.எம்.டபிள்யூ எக்ஸ் 7ஐ செங்கல்பட்டு பக்கத்துல மகிந்திரா சிட்டியிலதான் பூட்டறாங்க, பார்ட்ஸ் சல்லிசா கெடைக்கும்"னு. ஏன்டா, காஞ்சிபுரத்துலதான் பட்டு நெய்யறோம். உங்க ஆயா தெனைக்கும் பட்டா கட்டிக்கினு மாடு மேய்ச்சா? வாங்குற வெலை கால் பங்கு ஆனாலும் பார்ட்ஸ் வெலை முழு வண்டிக்கானதுதான். என் மச்சான் மவன் இப்படி ஒண்ணு வாங்கினான். மாகறல் ரோட்டுல ஆடு ஒண்ணு குறுக்க வந்து ஹெட்லைட்டு போச்சு. அது வெலையில கறவ மாடு ஒண்ணு வாங்கியிருக்கலாம். ஆட்டுக்காரன் வேற தனியா காசு கேட்டான்.

வாங்காதன்னு சொல்லல. வெலைய எழுதி, அதுக்குக் கீழ ரெண்டு வருசச் செலவுக்குன்னு ஒரு தொகைய எழுது. கூட்டிப் பாத்து மூச்சு வாங்கலன்னா, நாளைக்கு அஞ்சு மணிக்கு என்னை எழுப்பு, கூட வரேன். நான் முன்னாடி ஒக்காருவேன். திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கடைசி சீட்டுல நீதான் ஒக்காரணும்.