வானத்துக்குப் பட்டா கொடுத்தவர்களுக்கு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்.
பெறுநர்: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, மாண்ட்ரியல், கனடா.
பொருள்: ஹெல்சிங்கி – டோக்கியோ தூரத்தைச் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

மேற்படி இரண்டு ஊர்களுக்கும் இடையே உலக உருண்டையின் மேல் நூல் பிடித்தால் சுமார் 7,800 கிலோமீட்டர் வருகிறது. ஃபின்ஏர் விமானத்தில் ஏறினால் அதுவே 13,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே கோளாறு உருண்டையில்தான் இருக்க வேண்டும்.

2022 பிப்ரவரி வரை சைபீரியாவுக்கு மேலாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்விட முடிந்தது. அதற்கு ரஷ்யா வசூலித்த கட்டணமும் கொஞ்சநஞ்சமல்ல. உக்ரைன் மீது அது போர் தொடுத்ததும் ஐரோப்பா தன் வானத்தை ரஷ்யாவுக்கு மூடியது, ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பாவுக்கு மூடியது. (முதல் கதவு மூடியதில் நியாயம் உண்டு என்பது என் கட்சி. அது வேறு மனு.) பங்காளித் தகராறில் வண்டிப்பாதையில் முள் வெட்டிப் போடுவதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான். பதினோரு நேர மண்டல அகலத்துக்கு முள் போட்டுப் பார்த்ததில்லை.

இப்போது டோக்கியோவில் கிளம்பும் விமானம், ஐரோப்பாவுக்குப் போவதற்காக முதலில் அமெரிக்காவைப் பார்த்துப் பறக்கிறது. பசிபிக், அலாஸ்கா, வட துருவம், நார்வே என்று சுற்றி, 13 மணி நேரம் கழித்துக் கொல்லைப்புறமாக ஹெல்சிங்கிக்குள் நுழைகிறது. துருவத்தைத் தாண்டிய பயணிகளுக்குச் சான்றிதழ் வேறு! 1983-இல் சோவியத் வானத்துக்குள் விடாததால் இதே ஃபின்ஏர் டிசி-10 விமானத்தில் இதே துருவத்தைச் சுற்றித்தான் டோக்கியோ போனது. அப்போதும் சான்றிதழ் கொடுத்தார்கள். விமானம் மாறி ஏ350 வந்துவிட்டது. வழி மாறவில்லை.

சீன விமானங்களுக்கோ ரஷ்ய வானம் திறந்தே இருக்கிறது. ஆக, பெய்ஜிங்குக்கும் லண்டனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது வாலில் வரைந்திருக்கும் கொடியைப் பொறுத்தது. நீண்ட பக்கம் தன் தலையில் விழுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2024 அக்டோபரில் அந்தத் தடத்தையே நிறுத்திவைத்துவிட்டது.

இதற்கெல்லாம் மூலப் பத்திரம் தங்களிடம்தான் உள்ளது: 1944-இன் சிகாகோ உடன்படிக்கை. தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் முழுக்க அந்தந்த நாட்டுக்கே பாத்தியம் என்கிறது அதன் முதல் பிரிவு. பாதை உரிமை பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்று நினைத்துத் தேடினேன். சேர்த்திருக்கிறீர்கள், ஐந்தாம் பிரிவில். சைபீரியாவுக்கு மேலே அட்டவணைப்படி தினசரி ஓடும் விமானத்துக்கு அது உதவாதாம். ஆறாம் பிரிவு அனுமதி கேட்கச் சொல்கிறது.

ஆகவே, நாடுகளைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் வசதியுள்ள உலக உருண்டைகளைத் தங்கள் 193 உறுப்பினர்களுக்கும் வழங்கி உதவ வேண்டுகிறேன். பள்ளித் தேர்வில் இந்தத் தூரத்தைக் கேட்டால், அன்றைய தேதியில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதையும் வினாத்தாளில் குறிப்பிட உத்தரவிடவும்.

இன்னொன்று அவசரம். புறம்போக்காக மிஞ்சியிருப்பதில் அந்த வட துருவமும் ஒன்று. 2007-இல் ரஷ்யர்கள் அங்கே கடலடிக்கு இறங்கி டைட்டானியக் கொடி ஒன்றை நட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதைக் காட்டி யாராவது பட்டா கேட்டு வந்தால், மனுவை மரியாதையாக வாங்கிக் கிடப்பில் போடவும். அந்த வித்தை தெரியாவிட்டால் நானே வந்து சொல்லித்தருகிறேன். மாண்ட்ரியலுக்கு எந்த வழியாக வரவேண்டும் என்பதை மட்டும் பதில் தபாலில் தெரிவிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
மேற்படி நில அளவையர்