காற்று உத்தியோகத்தர்

திருகோணமலையில் எங்கள் அன்புவழிபுரத்துக்குத் தவறாமல் வந்து, ஒவ்வொரு கூரையையும் தொட்டுப் பார்த்து, ஆணியை ஆட்டிப் பார்த்து, அந்த இடத்திலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போகிற உத்தியோகத்தர் ஒருவர்தான் இருக்கிறார். காற்று. இலஞ்சம் வாங்கமாட்டார். நாளைக்கு வா என்று சொல்லமாட்டார். மற்ற உத்தியோகத்தர்கள் எல்லாரும் அவர் வந்துபோன பிறகு, அவர் கழற்றிப் போட்டதை எண்ணுவதற்கு வருகிறவர்கள்.

வைகாசி பிறந்தால் கச்சான். மேற்கிலிருந்து அனலாக வந்து முற்றத்து மண்ணை அள்ளிச் சோற்றுக் கோப்பைக்குள் போடும். அது அவருடைய வழமையான பார்வையிடல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வங்காள விரிகுடாவிலிருந்து வருவதுதான் உண்மையான கணக்காய்வு. 1964 டிசம்பர் 22இல் வந்ததை உலகம் தனுஷ்கோடிப் புயல் என்று அறியும். ரயிலோடு கடலுக்குள் போன சனங்களுக்காக அக்கரையில் இன்றும் அழுகிறார்கள், அழத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புயல் எங்களைச் சுற்றிக்கொண்டு அங்கே போகவில்லை, திருகோணமலையை மிதித்துக்கொண்டுதான் போனது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு: ஆயிரத்தை நெருங்கிய உயிர்கள், இரண்டரை இலட்சம் அளவில் வீடுகள். அதற்குப் பிறகு இந்தத் தீவு கண்ட மிக வலிய புயல் 2000 டிசம்பர் 26இல் திருகோணமலைக்கே நேராக வந்தது. சரியாக நாலு வருசம் கழித்து அதே திகதியில் கடல் வந்ததால், காற்று வந்த கதை எல்லாருக்கும் மறந்துபோயிற்று. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிப் பக்கம் கரையேறியது. நல்லகாலம், மெலிந்து வந்தது. அது மெலிந்ததையும் தங்கள் திறமைக் கணக்கில் எழுதிக்கொண்டவர்கள் உண்டு.

காற்றைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். கோபம் வருவது, எல்லாம் தெரிந்திருக்கிறதே என்பதால்தான். 1978 அழிவுக்குப் பிறகு, 1980இல் அரசாங்கமே ஒரு கைநூல் வெளியிட்டது, பலத்த காற்றுக்குத் தாக்குப் பிடிக்கும் கட்டடங்களை எப்படி வடிவமைப்பது என்று. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. முதலாம் வலயம், அதாவது ஆகமோசமானது, கிழக்குக் கரையோரம். கிழக்குக்கு இந்த நாட்டில் முதலிடம் தந்த அரசாங்கப் புத்தகம் எனக்குத் தெரிய இது ஒன்றுதான். இங்கே சாதாரணக் கட்டடத்தைச் செக்கனுக்கு 49 மீற்றர் வேகக் காற்றுக்குக் கட்டு, கொழும்பு இருக்கிற மூன்றாம் வலயத்தில் 33 போதும் என்றது.

பதினாறுதானே வித்தியாசம் என்று சொல்பவர், பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தை ஒருமுறை தூசு தட்டட்டும். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வந்ததை 0.613ஆல் பெருக்கினால் சதுர மீற்றருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். 33க்கு 668. 49க்கு 1472. சந்தைத் தராசில் சொன்னால் கொழும்பில் ஒரு சதுர மீற்றருக்கு 68 கிலோ, இங்கே 150 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேலே.

அந்த 150 கிலோவும் கூரையை மேலிருந்து அமுக்கினால்கூடப் பரவாயில்லை, சுவர் தாங்கிக்கொள்ளும். காற்று அப்படி நேர்மையாக அடிக்கிற ஆள் இல்லை. தாழ்ந்த கூரைக்கு மேலால் ஓடும்போது அதை உறிஞ்சித் தூக்கும். ஓரமும் மூலையும்தான் அதற்குப் பிடித்த இடங்கள். அங்கே இழுவை அந்தக் கணக்கையும் தாண்டிப் போகும். காற்றுப் பக்கத்துக் கதவு ஒன்று உடைந்து திறந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளத் தொடங்கும். மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் தள்ள, நடுவிலே தகடு. பழைய கல்நார்ச் சீற்று சதுர மீற்றருக்குப் பதினைந்து கிலோ அளவில் இருக்கும். இப்போது போடுகிற அமானோ உலோகத் தகடு ஐந்து கிலோவும் வராது. அதைப் பிடித்து வைத்திருப்பது ஆணி. ஆணியைப் பிடித்திருப்பது சலாகை, சலாகையைக் கைமரம், கைமரத்தை வளை. வளையைப் பிடித்திருப்பது எது? அங்கேதான் சங்கதி இருக்கிறது. எங்கள் வீடுகளில் வளையைச் சுவர் பிடித்திருப்பதில்லை. வளை சுவரின் மேலே இருக்கிறது, அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் எழும்பிப் போகக்கூடிய விருந்தாளி திண்ணையில் இருப்பதைப் போல.

ஆகவே சனம் தன் சொந்தப் பொறியியலைச் செய்கிறது. கார்த்திகை பிறந்ததும் கூரைமேல் சீமெந்துக்கல் ஏறும், மணல்மூட்டை ஏறும், பழைய ரயர் ஏறும். ஒரு ரயர் என்ன, எட்டுக் கிலோ இருக்குமா? 150க்கு எதிராக எட்டு. மேசன்மாருக்கு இதற்கு மருந்து தெரியும். தூணுக்குள் இருக்கிற கம்பியை மேலே நீட்டி விட்டு, வளையைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் போதும், மிச்சத்துக்கு நாலு இரும்புப் பட்டி. இரண்டு பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்குக் காசுக்குள் முடிகிற வேலை. ஆனால் அது எஸ்ரிமேற்றில் இல்லை. எஸ்ரிமேற்றில் இல்லாதது உலகத்திலேயே இல்லை.

1974 நத்தார் விடியலில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி என்ற புயல் துடைத்துப் போட்டது. போய் ஆராய்ந்தவர்கள் வெட்கப்படாமல் ஒன்றை எழுதினார்கள்: பொறியியலாளர் கணக்குப் போட்ட பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் நிற்கின்றன, வழக்கப்படி கட்டிய வீடுகள்தான் போய்விட்டன. இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். தகடு ஒரே இழுவையில் பிய்வதில்லை. காற்று இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஆணித்தலையைச் சுற்றி உலோகம் களைத்து வெடிக்கிறது. பிறகு தகடு ஆணியை அப்படியே விட்டுவிட்டுப் பறக்கிறது. வீடு கட்டும் விதியையே மாற்றினார்கள். 1977இல் டவுன்ஸ்வில்லில் ஒரு புயல் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கி, கூரைகளைச் செய்து செய்து இயந்திரத்தால் இழுத்துப் பிய்த்துப் பார்த்தார்கள்.

எங்களுக்கு அந்த வீண்செலவு கிடையாது. மாவட்டமே பரிசோதனை நிலையம். மாதிரிக் கூரைக்குக் கீழே மாதிரிக் குடும்பத்தையும் குடிவைத்து, பாயோடும் பானையோடும் பரிசோதிக்கிற வசதி அவுஸ்திரேலியருக்கு வாய்க்கவில்லை. ஒரே ஒரு குறை: பெறுபேற்றை ஒருவரும் எழுதுவதில்லை.

ஊருக்கு ஊர் வித்தியாசம் பார்க்க அரசாங்கத்துக்குத் தெரியாது என்று நினைக்கவேண்டாம். சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று கோடு கீறினார்களே, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். நிலத்தை எடுக்கும்போது கிழக்கு வேறு என்று அளவுநாடாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கூரையைத் தரும்போது மட்டும் நாடு ஒன்று, மக்கள் ஒன்று, ஆணியும் ஒன்று. கட்டட அனுமதி கேட்டுப் போனாலோ, அங்கே 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. தெரு ஓரம் எவ்வளவு, ஜன்னல் எவ்வளவு என்று கேட்கும். அதற்குத் தெரிந்த காற்று, ஜன்னலால் மரியாதையாக உள்ளே வருகிற காற்று மட்டும்தான்.

புதுமை செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. 2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஆர்செலர் மித்தல் என்ற உலகப் பெரிய உருக்குக் கம்பனி, வீடொன்று 21 இலட்சம் ரூபா. தளபாடமும் தொலைக்காட்சியும் உள்ளேயே வைத்துத் தருவார்களாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் மாதிரி வீட்டைப் போய்ப் பார்த்து, அத்திவாரம், கூரைக்குத் தாங்கல், காற்றோட்டம் என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னார்கள். அதன் பாதிக் காசுக்கே கல்வீடு கட்டலாம் என்று கணக்குக் காட்டியவர்களும் இருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி அந்தத் திட்டம் சொன்னபடி நடக்கவில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. கூரை போனபிறகு, வானத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, அந்தத் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை பார்த்திருக்கலாம்.

கொழும்பில் அல்ரேயர் என்று ஒரு மாடி இருக்கிறது. 240 மீற்றர் உயரம், இரண்டு கோபுரம், ஒன்று மற்றதன்மேல் சாய்ந்து நிற்கும். மொஷே சஃப்டி என்ற உலகப் புகழ் கட்டடக் கலைஞர் வரைந்தது. அவ்வளவு உயரத்துக்குப் போனால் காற்றில் உச்சி எவ்வளவு அசையும், தூண் எவ்வளவு வளையும் என்றெல்லாம் கணக்குப் பார்க்காமல் ஒரு கல்லும் வைக்க ஏலாது. உயர்தரத்தில் படித்த தகைப்பும் விகாரமும் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கின்றன. அறிவு இந்த நாட்டுக்குள் இருக்கிறது, 33 மீற்றர் வலயத்தில் குளிரூட்டிக்குள் இருக்கிறது. அங்கே சாய்ந்தால் கலை. அன்புவழிபுரத்தில் சுவர் சாய்ந்தால் "பகுதிச் சேதம்".

என் தங்கச்சிக்கு ஒரு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. படத்தை வாங்கி மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டு, மூலைக்கு மூலை தேடினேன். காற்று என்ற சொல் ஒரே இடத்தில் இருந்தது: காற்றோட்டக் கல், குசினிச் சுவர். கம்பியை வளையில் கட்டுவோமா என்று மேசன் கேட்டார். படத்தில் இல்லாததைச் செய்தால் அடுத்த கட்டக் காசு நிற்கும் என்று தங்கச்சி பயந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். காற்று எப்போதோ வரும், காசு நிற்பதென்றால் அடுத்த கிழமையே நிற்கும்.

மூன்றாம் வருசம் கார்த்திகையில் ஒரு இரவு முன்பக்கத்துத் தகடுகள் போய்விட்டன. புயல் என்று பெயர் வைக்கக்கூடத் தகுதியில்லாத காற்று அது. வானொலியில் ஒரு வரிகூட வரவில்லை. கண்முன்னே கழன்றதை மருமகன் சொன்னான். முதலில் ஓரத்துத் தகடு பாய் உதறுவதுபோலப் படபடத்ததாம், பிறகு ஒவ்வொரு ஆணியாக "டிக், டிக்" என்று சத்தம், பிறகு திடீரென்று வெளிச்சம். மின்னல் வெளிச்சம், வீட்டுக்குள்ளே.

எட்டாம் நாள் ஒரு இளம் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தகடுகளை எண்ணினார். படிவத்தில் எழுதினார்.

"தம்பி, இதே மாதிரித் திருப்பி அடிச்சா திருப்பியும் போகுமெல்லோ?" என்றேன்.

"போகும் ஐயா."

"பட்டி போட்டுக் கட்ட ஏதும் தருவீங்களோ?"

அவர் படிவத்தை மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். பாவம், உண்மையாகவே தேடினார். "அதுக்குக் கூடு இல்லை ஐயா. தகடு மட்டும்தான் இருக்கு."

"ஆணி?"

"ஆணியும் இல்லை." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பழைய ஆணி எடுத்து வச்சிருக்கிறீங்களோ?" என்றார்.

அவர் போன பிறகு மருமகன் முற்றத்திலும் வேலியோரத்திலும் பொறுக்கி ஒரு பால்மாப் பேணி நிறையக் கொண்டுவந்தான். வாசற்படியில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்தத் தொடங்கினான். சிலது நிமிர்ந்தது. சிலது தலை கழன்றது. வடகிழக்கில் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.