துண்டோட வந்த குஞ்சு

வா தம்பி, இஸ்தோப்புல ஒக்காரு. அந்தச் சாக்கு மேல வேணாம், பூனை குட்டி போட்டிருக்கு. பிராய்லர் கோழி வளக்கப் போறியாமே, பசறை டவுன் வரைக்கும் இதே பேச்சு. கொழும்புக் கடையில நின்ன பய மலைக்கு வந்து மொதலாளி ஆகப் போறான். நல்ல காரியம். நம்ம லயத்துல மொதலாளின்னு இதுவரைக்கும் ஒருத்தனும் இல்ல. மாலைக்குச் சொல்லி வச்சிருக்கேன், கோழி செத்தாலும் அதே மாலை ஆகும்.

போன்ல கணக்குப் போட்டுக் காட்டினியே, பாத்தேன். ஆயிரம் குஞ்சு, நாப்பது நாளு, தலைக்கு ரெண்டு கிலோ. பெருக்கல் சுத்தமா இருக்கு. ஒரே ஒரு கொறைதான், ஒன் கணக்குல ஒரு கோழியும் சாகல. போனுக்குள்ள வளர்ற கோழி கரண்டு போனாலும் சாகாதுடா. வெளிய வளர்றது கொஞ்சம் ரோசக்காரி.

மொத வாரம் குஞ்சுக்கு 32, 33 டிகிரி சூடு வேணும். தை மாசம் பண்டாரவளையில விடியக்காலைக் குளிரு 15க்கு எறங்கும். குஞ்சுக்குத் தாய் கெடையாது, மிசின் பொரிச்சது. அப்ப நீதான் தாய். ஒங்கம்மா ஒன் ஒருத்தனுக்குக் கம்பளி போத்தி ராத்திரி பூரா முழிச்சிருந்தா, நீ ஆயிரத்துக்கு முழிச்சிரு. சூடு கொறஞ்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்துப்போகும். கொஞ்சம் ஆளானா வேற சங்கதி. அவசரமா சதை போட்ட ஒடம்புக்கு நெஞ்சு காணாது. உயரத்துல, குளிருல, வயித்துல நீர் கோத்துப் படுத்துக்கும். சரி, கீழ மகியங்கனைக்கு எறக்குவோம்னா, அங்க வெயில்ல வாயத் தொறந்து இளைக்கும். தொரைமாருக்குக்கூட இவ்வளவு பக்குவம் பாத்ததில்ல நாங்க.

எடம்? ஆயிரம் கோழிக்கு ஆயிரம் சதுர அடி வேணும். நம்ம காம்பரா பத்துக்குப் பன்னெண்டு. எட்டுக் காம்பரா எடத்த நீ கோழிக்குக் கேக்குற, எட்டுக் குடும்பம் இருக்குற எடம். நெருக்கி அடைச்சா கோழி வளராதுன்னு எங்கயோ படிச்சேன்னு சொன்னியே, அத எழுதினவனை ஒரு நாள் நம்ம லயத்துக்குக் கூட்டிட்டு வா. பேங்குக்காரன் காணி உறுதி கேப்பான். நீ சம்பளத் துண்டக் காட்டுவ. அவன் சிரிப்பான், நீயும் சிரி, செலவில்ல. ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாம சொல்றேன்: கூடு போடறதுக்குன்னு லயத்துக்குப் பின்னால மேட்டை வெட்டாத. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில மலை எறங்கினத மறந்துடாத.

ஆமா, மோட்டார் சைக்கிள்ல கோழிக் கம்பனி ஆள் ஒருத்தர் வந்து பேசினாராமே. குஞ்சு கம்பனி தருமாம், தீனி கம்பனி தருமாம், மருந்தும் தருமாம், கடைசியில கோழியையும் அவங்களே வாங்கிப்பாங்களாம். ஒனக்கு ஒரு கவலையும் இல்லையாம். கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. எங்க தாத்தாகிட்ட ஆள்கட்டிக் கங்காணியும் இதே குரல்லதான் பேசியிருப்பான். கப்பல் கூலி நாங்க தர்றோம், அரிசி நாங்க தர்றோம், கம்பளி நாங்க தர்றோம். தோட்டத்துக்கு வந்து சேந்தப்புறம் பாத்தா எல்லாம் கடன்ல எழுதியிருக்கு. கடனை எழுதின சீட்டுக்குத் துண்டுன்னு பேரு. அந்தத் துண்டு எந்தத் தோட்டத்துக்குப் போச்சோ, ஆளும் அங்கதான். 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க. இப்ப கோழி மூலமா வருது, அவ்வளவுதான். குஞ்சு விலை, தீனி விலை, மருந்து விலை எல்லாம் ஒன் பேர்ல. கழிச்சது போக மிச்சம் வளப்புக் கூலி. கூடு ஒன்னோடது, கரண்டு ஒன்னோடது, உமி ஒன்னோடது, ராத்திரி முழிப்பு ஒன்னோடது. செத்த கோழியும் ஒன்னோடதுதான், அதுல மட்டும் யாரும் பங்குக்கு வரமாட்டாங்க.

தீனிதான் பெரிய பூதம். ரெண்டு கிலோ கோழிக்கு மூணேகால் கிலோ தீனி. ஆயிரத்துக்கு அம்பது கிலோ மூட்டை அறுபத்தஞ்சு. நூறு ரூபா செலவழிஞ்சா எழுபது ரூபா கிட்ட அதுக்கே. அதுல பாதிக்கு மேல சோளம். சோளம் வெளையறது எங்க? மொனராகலையில, பிபிலையில, மகியங்கனையில. எல்லாம் நம்ம ஊவா. அது லொறியேறி மில்லுக்குப் போயி, அரைபட்டு, பளபளன்னு சாக்குச் சட்டை போட்டுக்கிட்டு மலையேறி வருது. போகும்போது ஒரு விலை, வரும்போது ஒரு விலை. ஒன்னை மாதிரிதான், கொழும்புக்குப் போகும்போது வெறுங்காலு, வரும்போது கூலிங் கிளாஸ்.

அந்தச் சோளத்துக்கு 2018ல படைப்புழு வந்துச்சு. அது போதாதுன்னு 2021 ஏப்ரல்ல ரசாயன உர இறக்குமதியத் தடுத்தாங்க. நவம்பர்ல தடையத் தூக்குறதுக்குள்ள பெரும்போக விதைப்பே வந்துடுச்சு. வெளைச்சல் படுத்துச்சு. வெளிய வாங்கலாம்னா டொலர் இல்ல. 200 ரூபாயா இருந்த டொலர் 2022ல 360 ஆச்சு. அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்டு வெட்டு. அப்ப கீழ்ப் பிரிவுல ஒருத்தன் எண்ணூறு குஞ்சு எறக்கியிருந்தான். காஸ் இல்ல, மண்ணெண்ணெய் இல்ல. கரிச்சட்டி வச்சு ஊதி ஊதிப் பாத்தான். இப்ப அந்தக் கூட்டுல ஆடு கட்டியிருக்கான். ஆட்டுக்குக் கரண்டு வேணாம்.

சரி, வளத்துட்டேன்னே வை, விக்கணும்ல. நாம ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்கு எத்தனை வருசம் கத்தினோம்! 2021ல வந்துச்சு. அடுத்த வருசமே ஒரு கிலோ கோழி ஆயிரத்தத் தாண்டிடுச்சு. அப்ப ஒரு நாள் முழுப் பேரு போட்டாலும் ஒரு கிலோ கோழிக்குக் காணல. நீ வளக்கற கோழிய நம்ம லயத்துல யாரு வாங்குவா சொல்லு? தீபாவளிக்கு வாங்குவாங்க, வெள்ளிக்கிழமை வாங்கமாட்டாங்க. போயாவுக்கு இறைச்சிக் கடையே பூட்டு. கோழிக்குப் போயா தெரியாது. நாப்பத்திரெண்டாவது நாளும் தின்னும், மறுநாளும் தின்னும், லொறி வரலைன்னு சொன்னா இன்னும் ரெண்டு கை கூடத் தின்னும்.

மூஞ்சியத் தொங்கப் போடாத. வேணாம்னு நான் சொல்லல. சொன்னா மட்டும் கேக்கவா போற? மொத தடவை இருநூறோட நிறுத்து. கையெழுத்துப் போடறதுக்கு முந்தி, கோழி செத்தா யாரு கணக்கு, லொறி பிந்தினா தீனி யாரு கணக்குன்னு கேளு. ஒரு தராசும் வாங்கி வை. அறுபது வருசம் கொழுந்துக் கூடையோட தராசு முன்னால நின்னவன் நான். சாக்குக்குக் கழிச்சான், ஈரத்துக்குக் கழிச்சான், எதுக்குன்னே தெரியாமயும் கழிச்சான். கோழிக்கும் லொறியில ஏத்தின அப்புறந்தான் எடை போடுவோம்னு சொல்வாங்க. நீ கூட்டுல நிறுத்து எழுதிட்டு ஏத்து. எருவ யாருக்கும் சும்மா குடுத்துடாத, வெலிமடையில உருளைக்கிழங்கு போடறவன் வந்து காசு குடுத்து அள்ளிட்டுப் போவான்.

குஞ்சு வர்ற அன்னைக்கு ஆள் அனுப்பு. ராத்திரிக் காவலுக்கு நான் வர்றேன், எனக்கு எப்படியும் தூக்கம் கெடையாது. கூலியா கோழி வேணாம், பல்லு இல்ல. எரு ரெண்டு சாக்கு எடுத்து வை, லீக்ஸ் பாத்திக்கு ஆகும்.