உடும்புக்காரர்

பள்ளிக்கூடத்தில் மானிட்டர் என்றால் யார் என்று நமக்குத் தெரியும். வாத்தியார் வெளியே போன நேரத்தில் பேசியவர்கள் பெயரையெல்லாம் கரும்பலகையில் எழுதிவைக்கிற பையன். ஆங்கிலத்தில் உடும்புக்கும் அதே பெயர்தான். லத்தீனில் எச்சரிப்பவன் என்று பொருள். அமெரிக்கப் புறநகர்களில் அங்கங்கே தட்டுப்படும் உடும்புக்காரரின் கார் ஷெட்டில் அது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. வருகிறவரை ஏற இறங்கப் பார்த்து, பிளந்த நாக்கை நீட்டி, பெயரைக் குறித்துக்கொள்கிறது.

உடும்புக்காரர் ஊர்வனக் கண்காட்சிக்குப் போனது சும்மா பார்க்கத்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சவானா உடும்புக் குஞ்சு, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி. கானா, டோகோ, பெனின் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்குகிற சரக்கு என்பதால் விலையும் மலிவு. “தொட்டி எவ்வளவு பெரிசோ அவ்வளவுதான் வளரும்” என்கிறார் விற்பவர். செருப்புக் கடையில் ‘போடப் போட லூசாயிடும்’ என்பார்களே, அந்த ரகச் சத்தியம். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொல்கிறார். குஞ்சு மூன்றடியைத் தாண்டுகிறது.

அதற்கப்புறம்தான் அவர் படிக்கவே ஆரம்பிக்கிறார். படிக்கப் படிக்க வயிறு கலங்குகிறது. இவர் ஆசை ஆசையாக ஊட்டிய எலிகளால் அது கொழுத்துப்போய்விட்டது; காட்டில் அது தின்பதெல்லாம் மரவட்டை, வண்டு, நத்தை, தேள். ஆகவே வீட்டில் கரப்பான்பூச்சி வளர்க்கத் தொடங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரர் கரப்பானை ஒழிக்க மாதாமாதம் காசு கொடுக்கிறார். இவர் வேலிக்கு இந்தப் பக்கம் அதற்குக் காரட் நறுக்கிப் போடுகிறார்.

பிறகு கூண்டு. எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் என்பது பலரும் சொல்கிற ஆரம்பக் கணக்கு. வளை தோண்டுகிற பிராணி என்பதால் உள்ளே இரண்டடிக்கு ஈரமண். மண் மட்டுமே இரண்டு டன் எடை வரும். கார் தெருவுக்குப் போனது இப்படித்தான்.

விளக்குக்கு அடியில் வெயில் காயும் கல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட வேண்டும். அதை அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வாங்குகிறார். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எண் வரும். வாங்கிய நாளிலிருந்து அது அவர் கையைவிட்டு இறங்கவில்லை. கல்லைச் சுடுகிறார், மண்ணைச் சுடுகிறார், மனைவியின் காப்பியைச் சுட்டு “அறுபத்திரண்டு” என்கிறார். அந்த அம்மாள் எதுவும் பேசாமல் காப்பியைக் குடிக்கிறார். அவர் முகத்தின் வெப்பநிலையை அளக்கும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் அவர் வெறும் பல்லிக்காரர். அடுத்த கண்காட்சியில் நீர் உடும்பு வாங்கியபோதுதான் பட்டம் உறுதியானது. இலங்கையில் கபரகொய்யா என்பார்களே, அதேதான். ஐந்தடி, ஆறடி வளர்வது சாதாரணம். கண்டியில் ஒன்று 3.21 மீட்டர் இருந்ததாகப் பதிவு உண்டு. இந்த எண்ணைச் சொல்லும்போது அவர் குரலில் பேரனின் ரேங்க் கார்டைக் காட்டும் தாத்தாவின் குழைவு தெரியும்.

பழக்குவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். உடுத்திக் கழற்றிய பனியனைத் துவைக்காமல் கூண்டுக்குள் போட்டுவைப்பது. வாசனை பழகினால் ஆளும் பழகுமாம். உடும்பு அந்தப் பனியனுக்குள் சுருண்டு தூங்குகிறது. “என்னை ஏத்துக்கிச்சு” என்று கண் கலங்குகிறார். பனியன் கதகதப்பாக இருக்கிறது என்பது உடும்பின் தரப்பு.

விருந்தாளி தயங்கினால், நாய் வைத்திருப்பவர் எந்த நாட்டிலும் சொல்கிற வசனம்: “ஒண்ணும் பண்ணாது, வாங்க.” கையில் கட்டு இருக்கிறதே என்றால், எலி வாசனை ஒட்டியிருந்தது, தப்பு என்னுடையது என்பார். கூடவே 2001 கதை வரும். லாஸ் ஏஞ்சலிஸ் விலங்குக் காட்சிசாலையில், நடிகை ஷரன் ஸ்டோனின் அன்றைய கணவர், பத்திரிகை ஆசிரியர் ஃபில் பிரான்ஸ்டீன், கொமோடோ டிராகனின் கூண்டுக்குள் போனார். வெள்ளை ஷூவைப் பார்த்தால் வெள்ளெலி என்று நினைத்துவிடும், கழற்றிவிடுங்கள் என்றார்கள். கழற்றினார். அது நேரே வந்து கால் கட்டைவிரலைக் கவ்வியது. “உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்” என்று பழமொழி கட்டியவர்களுக்கு இந்தக் கதை உடனே விளங்கும். உடும்புக்காரர் சொல்லும் தீர்ப்பு வேறு: “அதன் மேல் குற்றமில்லை. கால் வெள்ளையாக இருந்தது.”

ஒரு விஷயத்தில் அவருக்கு நிஜமான கோபம் வரும்: வளர்க்க முடியாமல் வெளியே விட்டுவிடுகிறவர்கள். புளோரிடாவின் கேப் கோரல் நகரத்தில் 640 கிலோமீட்டர் கால்வாய். தப்பியும் கைவிடப்பட்டும் வந்த நைல் உடும்புகள் 1990 வாக்கில் அங்கே தலைகாட்டி, குடும்பம் பெருக்கி, வளையில் வாழும் ஆந்தைகளுக்கே வில்லனாகிவிட்டன. 2021ல் அந்த மாநிலம் நைல் உடும்பைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பேச்சில் மட்டும் அவரோடு வாதாட எதுவுமில்லை.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தமிழரிடம், “உங்க ஊர்ல சும்மாவே திரியுமாமே!” என்று பெருமூச்சு விடுகிறார். திரியும், ஆனால் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்து வைத்தால் சிறை என்கிறார் அவர். பாட்டி காலத்துக் குழம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை. நீர் உடும்புக்குத் தொட்டி கழுவும் நாள். ஐந்நூறு லிட்டர் தண்ணீரை இறைத்துக் கொட்டி, பாசியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, துப்பாக்கியால் சுட்டுப் பார்க்கிறார். முப்பது டிகிரி, கச்சிதம். உடும்பு மெல்ல இறங்கி, தலையை மட்டும் வெளியே வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறது. மனைவியைக் கூப்பிட்டு, “பாரேன், எவ்வளவு சுகமா இருக்குது!” என்கிறார்.

நீர் உடும்புகள் கழிவதற்குத் தண்ணீரைத்தான் தேடும். இரண்டு நிமிடம். தொட்டியின் நிறம் மாறுகிறது. மனைவி உள்ளே போய்விடுகிறார். உடும்புக்காரர் குழாயை எடுக்கப் போகிறார்.